ஒஷீனா, கிலியனா? இரண்டு அயர்லாந்துப் பெயர்கள்

அயர்லாந்தில் மகனுக்குப் பெயர் தேடுவோரைத் தடுமாற வைக்கும் இவ்விரு பெயர்களும் அங்கு இன்று பரவலாக வழங்குபவையே.

பொருள்: ஒஷீன் என்றால் குட்டி மான். கிலியன் தேவாலயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பர் சிலர். போரைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர்.

தோற்றம்: ஒஷீன் புராண வீரன் ஃபின்னின் மகன், மானாக மாற்றப்பட்ட சைவ் என்பவள் ஈன்ற அவனை, ஸ்லைகோவின் பென் பல்பென் மலைச்சரிவில் தந்தை கண்டெடுத்தார் என்றும், வளர்ந்தபின் நீவ் என்னும் அழகியோடு முதுமையே அணுகாத நாட்டுக்குச் சென்று முந்நூறு ஆண்டுகள் வாழ்ந்தான் என்றும், திரும்பிவந்து குதிரையிலிருந்து மண்ணில் விழுந்த கணமே கிழவனானான் என்றும் கதை சொல்கிறது. இத்தனை வளமான கதையைச் சுமக்கும் பெயர்கள் அரிது என்றே கருதுகிறேன். கிலியனோ வரலாற்று மனிதர்: ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் சமயப்பணி செய்து, 689ஆம் ஆண்டளவில் கொல்லப்பட்ட துறவி, ஜூலை 8 அவரது திருநாள்.

எழுத்து: ஒஷீனின் (Oisín) இரண்டாம் 'i' மீதுள்ள நெடில் குறியைக் கணினிப் படிவங்கள் பல விட்டுவிடுகின்றன, அயலார் உச்சரிப்பிலும் தடுமாறுவர். கிலியனில் (Cillian) குறி ஏதுமில்லை. முதலெழுத்தைச் 'சி' என்று படிக்கும் பிழை மட்டுமே உண்டு.

புகழ்: நடிகர் கிலியன் மர்ஃபி 2024இல் ஆஸ்கர் விருது பெற்றதால், அப்பெயரின் சரியான ஒலிப்பு உலகெங்கும் பலருக்குப் பழகிவிட்டது.

வெளிநாட்டில் வளரப்போகும் பிள்ளைக்குக் கிலியன் எளிது. அயர்லாந்திலேயே, ஐரிஷ் மொழிப் பற்றுள்ள வீட்டில் வளரும் பிள்ளைக்கு ஒஷீனையே பரிந்துரைப்பேன்.