கைதட்டிப் பிரிப்பதா, கூறு கூறாய்ப் பிரிப்பதா?

திருநெல்வேலியில் தங்கச்சி வீட்டு விறாந்தையில் மருமகள் ஆங்கிலச் சொல்வதெழுதல் செய்துகொண்டிருந்தாள். ‘கவர்ன்மென்ட்’ என்ற சொல்லில் நடுவில் வரும் ‘என்’ எழுத்தைக் காணவில்லை. “மாமா, சத்தத்தில அது வரேல்லையே!” என்றாள். அவள் சொன்னது சரி. பேச்சில் அந்த எழுத்து பெரும்பாலும் கரைந்துவிடும்.

பள்ளியில் பழக்கியது சொல்லைக் கைதட்டிப் பிரிக்கும் முறை. ஓர் உயிரொலிக்கு ஒரு தட்டு. உச்சரிப்புக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ‘போட்டோகிராப்’ மூன்று தட்டு, அழுத்தம் முதலில். ‘போட்டோகிராபி’ நான்கு தட்டு, அழுத்தம் இரண்டாவதற்குத் தாவிவிடும். கை தட்டினால்தான் அது காதில் விழும். ஒன்று, நம் செய்யுள் இலக்கணத்தில் வரும் யாப்பு அசையோடு இதைக் குழப்பக்கூடாது. ‘கனி’ நமக்கு இரண்டு குறில் சேர்ந்த ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் இரண்டு தட்டு.

எழுத்துக்கூட்ட வந்தால் கைதட்டல் காலை வாரிவிடும். அங்கே சொல்லின் உறுப்புகளைப் பார்க்கவேண்டும்: ‘கவர்ன்’ ஒரு துண்டு, ‘மென்ட்’ ஒரு துண்டு. தொலைந்த ‘என்’ முதல் துண்டின் வாலில் இருக்கிறது. ‘மிஸ்’ஸும் ‘ஸ்பெல்’லும் சேர்ந்த ‘மிஸ்ஸ்பெல்’லில் இரண்டு ‘எஸ்’ வருவதும் இப்படித்தான்.

புதன்கிழமைக்கான ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் இரண்டும் உதவாது. வாய் ‘வென்ஸ்-டே’ என்று இரண்டாகச் சொல்ல, மனத்துக்குள் ‘வெட்-நெஸ்-டே’ என்று பொய்யாய் மூன்றாக உடைத்துத்தான் நானும் இன்றுவரை எழுதுகிறேன்.

வாசிக்கும்போது தட்டு, எழுதும்போது உடை என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். கொப்பியில் ‘என்’ திரும்பிவிட்டது.