மேலப்பாளையம் சந்தையில வாங்கின சேவாடு: ஒன்றரை வருஷம் கழிச்சு

நாங்குநேரி பக்கம் எங்களுக்கு 60 சென்ட்தான். ஒரு செவ்வாய்க்கிழமை விடியறதுக்குள்ள மேலப்பாளையம் சந்தைக்குப் போயி நாலு பெட்டையும் ஒரு கிடாவும் பிடிச்சோம். சேவாடு, நம்ம சீமையோட சொந்தச் செம்மறி. செவலை நிறம், உடம்புல முடிதான், கம்பளி கிடையாது. கத்தரிக்கிற வேலை மிச்சம்.

யாவாரி துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு வெலை பேசுனாரு. எனக்கு ஒரு எழவும் புரியல.

"அண்ணாச்சி, வாயால சொல்லுங்க."

"மொதல்ல பல்லப் பாரு தாயி, ரெண்டு பல்லு!" பல்லை வச்சுதான் ஆட்டோட வயசு பாப்பாங்க.

ஒரு ஆட்டுக்கு 9,000 சொன்னாரு, 8,500க்கு முடிஞ்சது. குட்டியானை வாடகை தனி.

இதுக்கு முன்னாடி வேற ஒருத்தர்ட்ட வாங்கின ரெண்டு ஆடு மூக்கு ஒழுகி, கழிஞ்சு, ஒரே வாரத்துல போச்சு. அதனால இந்தத் தடவை மூணு வாரம் தனியா கட்டி, ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்ட பிறகுதான் வீட்டு வெள்ளாடுகளோட சேத்தேன்.

சித்திரை வெயில்லயும் அசராம மேயுது. உடைமரத்து நெத்துன்னா உசுரு. புழுக்கை முழுக்க வாழைக்குப் போகுது, இந்த வருஷம் உரக்கடைப் பக்கமே போகல.

குறைன்னா, அஞ்சு மாசம் சுமந்து பெரும்பாலும் ஒத்தைக் குட்டிதான். எடையும் மெதுவாத்தான் ஏறும். வளந்த பெட்டையே 25 கிலோ பக்கம். கறிக்கு அவசரப்படுறவங்களுக்கு இது ஆகாது. ஐப்பசி மழையில தரை ஈரமானா குளம்பு புண்ணாகும், நீலநாக்கு நோய் பயம் வேற. ஆடு நிக்க தரைக்கு மேல உசத்திப் பரண் போடாம வாங்காதீங்க. நாங்க போட்டது பனஞ்சட்டம், இன்னும் கிண்ணுன்னு நிக்குது.