தேயிலை மலையில் கிடைக்கும் உடல்: புழுவைக் கேட்பதா, டிஎன்ஏவைக் கேட்பதா?

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் காணாமல் போன ஒரு தாத்தாவைக் கொழுந்து பறிக்கப் போனவர்கள்தான் வடிகால் கானுக்குள் கண்டார்கள். பொலிஸ் வருவதற்குள் யாரோ மண்ணெண்ணெய் ஊற்றிப் புழுக்களை விரட்டிவிட்டார்கள். மரியாதைக்காகத்தான் செய்தார்கள், ஆனால் இறந்த நாளைச் சொல்லியிருக்கக்கூடிய சாட்சி அதோடு போய்விட்டது. எந்த நாளில் திதி கொடுப்பது என்று அவருடைய மகள் இன்றும் கேட்கிறார்.

"டிஎன்ஏ பார்த்தால் தெரிந்துவிடுமே" என்று அப்போது பலர் சொன்னார்கள். தெரியாது. டிஎன்ஏ ஆளைச் சொல்லும், நாளைச் சொல்லாது.

நாளைச் சொல்வது ஈ. பகலில், திறந்த இடத்தில் கிடக்கும் உடலுக்கு நீல ஈக்களும் பச்சை ஈக்களும் சீக்கிரமே வந்து முட்டையிடும். முட்டை, மூன்று கட்டப் புழு, கூட்டுப்புழு, ஈ என்று வளரும் அந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று பார்த்து நாட்களைப் பின்னோக்கி எண்ணுகிறார்கள். உடல் சூடும் விறைப்பும் ஓரிரு நாளுக்கு மேல் உதவாது என்பதால், அதற்குப் பிறகு பெரும்பாலும் இதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஆனால் நம் மலைநாட்டில் ஒரு சிக்கல் உண்டு. புழு வளர்வது வெப்பத்தால், சுமார் 10 பாகைக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும் என்று வைத்துக்கொண்டால், அதற்கு மேலுள்ள பாகைகளை மட்டுமே எண்ண வேண்டும்; சராசரி 24 பாகை உள்ள கண்டியில் ஒரு நாளைக்கு 14 பாகை கணக்கில் சேரும், 16 பாகை உள்ள நுவரெலியாவில் வெறும் 6தான். அதாவது கண்டியில் மூன்று நாளில் வளர்ந்த அளவுக்கு நுவரெலியாவில் ஏழு நாள் ஆகும்! கீழேயுள்ள இடத்தின் கணக்கை அப்படியே மேலே கொண்டுவந்தால் குற்றமற்ற ஒருவர்கூட மாட்டிக்கொள்ளலாம். மழையும் இருட்டும், உடலைச் சுற்றிய கம்பளியும் ஈ வருவதைத் தாமதப்படுத்தும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மண்சரிவு என்றால் கதை தலைகீழ். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) புதைந்தபோது நாளைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை, ஆழ்ந்த மண்ணுக்குள் இந்த ஈக்களும் போகாது. அப்படிப்பட்ட இடத்தில் டிஎன்ஏதான் கதி. அதுவும் சுலபமில்லை. தேயிலை மண் அமிலத்தன்மை உள்ளது, எலும்பை மெல்ல அரிக்கும், மண்ணில் மக்கிய பொருள்கள் ஆய்வுகூடச் சோதனையையே தடுக்கும், அதனால் பல்லையும் தொடை எலும்பையும் தேடுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்கத் தாயோ பிள்ளையோ உயிரோடு இருந்தால் நல்லது. ஒரே லயன் காம்பராவில் குடும்பமே போய்விட்டால் யாரிடம் மாதிரி எடுப்பது? சிதைந்த எலும்பிலும் தாய்வழி டிஎன்ஏ கிடைப்பதுண்டு, ஆனால் கூடப்பிறந்தவர்கள் எல்லோருக்கும் அது ஒன்றுதான் என்பதால் அண்ணன் யார் தம்பி யார் என்று அதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

என்னைக் கேட்டால், திறந்த மலையில் சில நாள் கிடந்த உடலுக்கு முதலில் புழு, புதையுண்ட உடலுக்கு டிஎன்ஏ. அப்புறம் இன்னொன்று: புழுவின் வயிற்றில் இருந்தே அது தின்ற மனிதரின் டிஎன்ஏவை எடுக்க முடியும், புழு எந்த இனம் என்பதையும் டிஎன்ஏ சொல்லும். அதற்குப் புழுவை எடுத்து வைத்திருக்க வேண்டும். பாதியை உயிரோடு வளர்க்கவும், மீதியைக் கொதிநீரில் போட்டெடுத்து 80 வீத எத்தனோலில் வைக்கவும் வேண்டும். ஃபோர்மலின் வேண்டாம், டிஎன்ஏ கெட்டுவிடும். இதையெல்லாம் செய்யத் தெரிந்தவர்கள் வரும்வரை உடலின் மேல் எதையும் ஊற்றாமல் இருந்தால் போதும்.