கை பழகிய ஒருவரைத் தேடி: நீர்த்தர நுட்புநரை அமர்த்தித் தந்த ஆள்சேர்ப்புச் சேவை பற்றிய மதிப்புரை

எங்கள் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய நுட்புநர் ஓய்வு பெற்றபோது, அந்த இடத்தை நிரப்பித் தரும் பொறுப்பை ஆள்சேர்ப்பு நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தோம். விண்ணப்பங்களைத் திரட்டுவது, தகுதியானவர்களைப் பிரித்தெடுப்பது, சான்றிதழ்களைச் சரிபார்ப்பது, சம்பளம் பேசி முடிப்பது, சேர்ந்தவர் 3 மாதங்களுக்குள் விலகினாலோ விலக்கப்பட்டாலோ கூடுதல் கட்டணமின்றி வேறொருவரைத் தருவது ஆகிய அனைத்தும் ஒப்பந்தத்தில் இருந்தன. முதல் நியமனம் தோல்வியடைந்தது. இரண்டாவது நன்றாக அமைந்தது. நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் நான் கண்ட குறைகள் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே உரியவையாக எனக்குத் தோன்றவில்லை.

வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் தேவையைச் சொன்ன 8-ஆம் நாள் 14 தன்விவரக் குறிப்புகள் வந்து சேர்ந்தன. ஆனால் அவற்றைப் படிக்கத் தொடங்கியதும் சிக்கல் எங்கே என்று புரிந்துவிட்டது. ‘வாட்டர் டெக்னீஷியன்’ என்ற பெயருக்குள் குறைந்தது மூன்று தொழில்கள் அடங்கியிருக்கின்றன. வீடு வீடாகச் சென்று ஆர்.ஓ. இயந்திரத்தின் ஃபில்டரையும் மெம்பிரேனையும் மாற்றுபவர் ஒருவர்; சுத்திகரிப்பு நிலையத்தில் பம்பையும் வால்வையும் இயக்கும் ஆப்பரேட்டர் ஒருவர்; மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதிக்கும் நுட்புநர் ஒருவர். மூன்றுமே பழகிக் கற்க வேண்டிய வேலைகள்தான், ஆனால் ஒருவருடைய இடத்தில் மற்றவரை நிறுத்திவிட முடியாது. வந்த 14 பேரில் 5 பேர் முதல் வகை, 3 பேர் இரண்டாம் வகை. இன்னும் 4 பேர் மருத்துவமனை ஆய்வகங்களில் ரத்தமும் சிறுநீரும் சோதித்தவர்கள். நாங்கள் கேட்ட வகையில் இருவர்தான் தேறினர். விளம்பரத்தில் இருந்த சொற்கள் விண்ணப்பத்திலும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துப் பிரித்தால் இப்படித்தான் ஆகும்.

இந்த வேலையில் பிழை நுழைவது பெரும்பாலும் குழாயடியில்தான் என்பதை நிறுவனத்துக்கு நாங்களும் முதலிலேயே விளக்கியிருக்க வேண்டும். நுண்ணுயிர்ச் சோதனைக்கு மாதிரி எடுப்பவர் குழாய்வாயில் உள்ள வலையைக் கழற்றி, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, குழாய்வாயைச் சுடரில் காட்டியோ கிருமிநாசினி தடவியோ தூய்மை செய்து, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் பாட்டிலைப் பிடித்து, குலுக்குவதற்கு மேலே சிறிது இடம் விட்டு நிரப்ப வேண்டும். அந்த பாட்டிலுக்குள் சோடியம் தயோசல்பேட் முன்கூட்டியே இடப்பட்டிருக்கும். தண்ணீரில் எஞ்சியிருக்கும் குளோரின் வழியெல்லாம் பாக்டீரியாவைக் கொன்றுகொண்டே வந்தால், ஆய்வக மேசைக்கு வரும் மாதிரி உண்மையில் இருந்ததைவிடச் சுத்தமாகத் தெரியும். அந்தக் குளோரினை அங்கேயே செயலிழக்கச் செய்வதற்குத்தான் அது. பிறகு ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, 24 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்கியாக வேண்டும். குடிநீரின் 100 மில்லிலிட்டர் மாதிரி எதிலும், மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ. கோலி பாக்டீரியா தென்படவே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அவ்வளவு கறாரான அளவை வைத்துக்கொண்டு மாதிரியை அசட்டையாக எடுத்தால், எத்தனை நல்ல இன்குபேட்டர் இருந்தும் பயனில்லை. நிறுவனத்தின் விண்ணப்பப் படிவத்திலோ மாதிரி எடுப்பது பற்றி ஒரு கேள்விகூட இல்லை. படிப்பு, அனுபவ ஆண்டுகள், கையாளத் தெரிந்த கருவிகள், எதிர்பார்க்கும் சம்பளம், எப்போது சேர முடியும் என்பதோடு அது முடிந்துவிட்டது.

தேறிய இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். நேர்காணலில் அவர் தடங்கலின்றிப் பேசினார், சான்றிதழ்களும் சரியாகவே இருந்தன. இரண்டு வாரம் கழித்துப் பதிவேட்டைப் புரட்டியபோது, எஞ்சிய குளோரினுக்கான பத்தியில் 0.5, 0.5, 0.6, 0.5 என்று எண்கள் ஒரே சீராக இறங்கியிருப்பதைக் கண்டேன். வெயில், கலங்கல், தொட்டியில் தண்ணீர் தங்கும் நேரம் என்று எதை எடுத்தாலும் குளோரினைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். அத்தனை அமைதியான இரண்டு வாரங்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாளுக்கு 3 வேளை, 14 நாள், ஆக 42 பதிவுகள். ஒரு சோதனைக்கு, குளோரின் உள்ள தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் டி.பி.டி. தூளில் ஒரு பொட்டலம் செலவாகும். அவர் சேர்ந்த அன்று பிரித்த பெட்டியில் 100 பொட்டலங்கள் இருந்தன. பெட்டியை மேசையில் கவிழ்த்து எண்ணினேன், 81 இருந்தன. அப்படியானால் 23 பதிவுகள் சோதனை செய்யாமலே எழுதப்பட்டவை. கேட்டபோது, “தினமும் அதே பிங்க் கலர்தான் சார் வருது” என்றார்.

என்னை அது எந்த அளவுக்கு உலுக்கியது என்பதைச் சொல்வதற்கு வாக்கர்ட்டனைக் குறிப்பிட வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள அந்தச் சிற்றூரில், 2000-ஆம் ஆண்டு மே மாதம் பெய்த கனமழையில் மாட்டுச் சாணத்திலிருந்த ஈ. கோலி ஓ157:எச்7 கிருமி ஆழம் குறைந்த ஒரு கிணற்றின் வழியாகக் குடிநீரில் கலந்தது. ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றனர். 7 பேர் இறந்தனர். அங்கே எஞ்சிய குளோரினைத் தினமும் அளக்காமலே பதிவேட்டில் எண்களை எழுதிவந்ததையும், மாதிரிகள் எடுத்த இடங்களைத் தவறாகக் குறித்ததையும் பின்னர் நடந்த விசாரணை வெளிப்படுத்தியது. நாள்தோறும் முறையாக அளந்திருந்தால், கிணற்று நீரில் குளோரின் சட்டென்று தீர்ந்துபோவது உடனே தெரிந்திருக்கும். குளோரின் கலந்து 30 நிமிடம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் பொருளே, அந்த எண் கீழே போனால் தண்ணீருக்குள் ஏதோ ஒன்று குளோரினைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதுதான். அந்த எண்ணைக் கற்பனையாக எழுதும் கை குடிநீர் ஆய்வகத்தில் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இதற்கு நிறுவனத்தை எவ்வளவு தூரம் பொறுப்பாக்கலாம் என்று பலமுறை யோசித்தேன். ஒருவருடைய மனதுக்குள் புகுந்து பார்க்க எவராலும் முடியாது. ஆனால் அவருடைய முந்தைய மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தவர்கள், வேலை பார்த்த தேதிகள் சரியா என்பதை மட்டும் கேட்டு வைத்துவிட்டார்கள். ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து, அவருக்குத் தெரியாமல் இரண்டு முறை சோதிக்கக் கொடுத்ததுண்டா, வரம்புக்கு வெளியே ஓர் அளவீடு வந்தபோது அவர் என்ன செய்தார், யாரிடம் சொன்னார் என்று இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தால் விடையிலோ விடை சொல்லத் தயங்கியதிலோ ஏதேனும் தெரிந்திருக்கும். இது குறைதான், சிறிய குறையும் அல்ல. அதே நேரத்தில், நடந்ததைச் சொன்னவுடன் அவர்கள் வாதாடவில்லை, ஒப்பந்தத்தின் வரிகளுக்குள் ஒளிந்துகொள்ளவும் இல்லை. மறுநாளே தேடலை மீண்டும் தொடங்கினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது சுற்றில் நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். பட்டியலில் வரும் ஒவ்வொருவரும் எங்கள் ஆய்வகத்தில் அரை நாள் கையால் வேலை செய்து காட்ட வேண்டும். விண்ணப்பதாரர்கள் வர மாட்டார்கள் என்று நிறுவனம் தயங்கியது. அந்த அரை நாளுக்குரிய ஊதியத்தை நாங்கள் கொடுப்பதாகச் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டது. நால்வர் வந்தனர்.

முதலில் குழாயடிக்கு அழைத்துச் சென்று நுண்ணுயிர் மாதிரி எடுக்கச் சொன்னேன். மூவர் பாட்டிலைக் குழாய்த் தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்பினர். வேதியியல் மாதிரி பலவற்றுக்கு அது நல்ல பழக்கம். இங்கேயோ உள்ளே இருந்த தயோசல்பேட் அந்த அலசலோடு போய்விட்டது. அடுத்து பி.எச். மீட்டரைக் கேலிபிரேட் செய்யும் வேலை. பி.எச். அளவு முன்பே தெரிந்த பஃபர் கரைசல்கள் மூன்றை, 4, 7, 10 என, வைத்திருந்தேன். அவற்றில் 10-ஐ மட்டும் வேண்டுமென்றே பல மாதங்களுக்கு முன் திறந்த பாட்டிலிலிருந்து ஊற்றியிருந்தேன். அந்தக் கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி நாளாக ஆக இறங்கிவிடும். நான்காவதாக வந்த பெண் மின்முனையைக் கழுவி, தேய்க்காமல் மென்தாளால் ஒற்றியெடுத்து, 7-ல் தொடங்கி 4-க்குப் போய், 10-க்கு வந்ததும் நின்றார். “இந்த பாட்டிலை எப்ப திறந்தது, சார்?” என்று கேட்டார்.

மூன்றாவது சோதனையில்தான் எல்லாம் தெளிவாகிவிட்டது. சோடியம் ஹைபோகுளோரைட்டைச் சற்றுத் தாராளமாகக் கலந்த ஒரு மாதிரியைக் கொடுத்து, எஞ்சிய குளோரினை அளக்கச் சொன்னேன். குளோரின் மிக அதிகமாக இருந்தால் டி.பி.டி. தரும் இளஞ்சிவப்பு நிறத்தை அதுவே வெளுக்கச் செய்துவிடும். குளோரின் நிரம்பி வழியும் தண்ணீர், குளோரினே இல்லாததுபோல் கருவியில் காட்டும். தூளைப் போட்டதும் குப்பியில் ஒரு நொடி சிவந்து மறைந்தது. ஒருவர் 0.1 என்று எழுதினார். இன்னொருவர் கருவியில் கோளாறு என்றார், அது ஓரளவுக்கேனும் நேர்மையான பதில். மூன்றாமவர் 0.3 என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அந்தப் பெண் குப்பியைக் கீழே வைத்துவிட்டு, மாதிரி பாட்டிலின் மூடியைத் திறந்து கையால் விசிறி மெல்ல முகர்ந்து பார்த்தார். பிறகு 5 மில்லிலிட்டரை எடுத்து, காய்ச்சி வடித்த நீரால் 100 மில்லிலிட்டராக்கி மறுபடியும் சோதித்தார். நிறம் நின்றது. கருவி 1.6 காட்டியது. 20-ஆல் பெருக்கி 32 என்று எழுதி, முதலில் வந்த அளவீட்டையும் அழிக்காமல் ஒரு கோடு மட்டும் இழுத்து, பக்கத்தில் காரணத்தையும் நேரத்தையும் குறித்தார்.

அவர் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் ஆய்வகத்திலிருந்து வந்தவர், டிப்ளமா படித்தவர். ‘குடிநீர் அனுபவம் இல்லை’ என்ற குறிப்புடன் நிறுவனம் அவரைப் பட்டியலின் கடைசியில் வைத்திருந்தது. அவருக்கு மேலே இருந்த மூவரும் பட்டம் பெற்றவர்கள். தரவரிசைப்படுத்தும் பணியில் இந்தச் சேவை தோற்றுவிட்டது என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு பட்டியலே போதுமான ஆதாரம். கழிவுநீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கொள்கின்றன என்று பார்க்கும் ஐந்து நாள் பி.ஓ.டி. சோதனையைத் தவறாமல் செய்து பழகிய ஒருவருக்கு, நீர்த்தல், வெற்று மாதிரி, இரட்டை மாதிரி எல்லாம் கையோடு வந்துவிடும் என்பது துறைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆள் தேடுபவருக்கு அதை யாரேனும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சேர்க்கை முடிவான பின் நடந்த வேலைகளில் நிறுவனம் நன்றாகவே செயல்பட்டது. சான்றிதழ்களை வழங்கிய கல்வி நிலையத்திடமே நேரடியாகக் கேட்டு உறுதி செய்தனர், சம்பளப் பேச்சில் இரு தரப்புக்கும் மனத்தாங்கல் வராமல் பார்த்துக்கொண்டனர், சொன்ன தேதியில் அவர் வந்து சேர்ந்தார். மருத்துவப் பரிசோதனையில் மட்டும் ஒன்று விடுபட்டிருந்தது: நிறப்பார்வைச் சோதனை. டைட்ரேஷனில் மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டி மஞ்சளிலிருந்து ஆரஞ்சாக மாறும் கணத்தையும், நிற ஒப்பீட்டுப் பெட்டியில் இளஞ்சிவப்பின் அடர்த்தியையும் கண்ணால்தான் முடிவு செய்கிறோம். சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடுள்ள ஒருவரை அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, நிறத்தை எண்ணாகக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் எந்தச் சோதனையை எந்தக் கருவியில் கொடுப்பது என்று முன்கூட்டித் திட்டமிட அந்தத் தகவல் எங்களுக்கு வேண்டும். சொன்ன பிறகு அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் அந்தச் செய்முறை நாள் முழுவதும் ஆய்வகத்தின் ஓரத்தில் அமர்ந்து குறிப்பெடுத்தார். எங்கள் அண்டை நிலையம் ஒன்று அண்மையில் அதே நிறுவனத்தை அணுகியபோது வந்த படிவத்தைப் பார்த்தேன். எவ்வகை மாதிரிகளை நீங்களே எடுத்திருக்கிறீர்கள், கடைசியாக ஓர் அளவீட்டை எப்போது, எதற்காக நிராகரித்தீர்கள் என்ற இரண்டு கேள்விகள் புதிதாகச் சேர்ந்திருந்தன. முதல் சுற்றை மட்டும் வைத்து மதிப்பிட்டிருந்தால் 5-க்கு 2 கொடுத்திருப்பேன். இப்போது மூன்றரை கொடுக்கிறேன். அவர்களை மீண்டும் அணுகுவேன், ஆனால் செய்முறைத் தேர்வு இல்லாமல் ஒருவரையும் எடுக்க மாட்டேன்.

ஒரு பிணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. மாற்று ஆள் தருவதற்கான 3 மாத உத்தரவாதம் எல்லா வேலைகளுக்கும் பொதுவாக எழுதப்பட்டது. நீர்த்தர நுட்புநரின் திறமை வறண்ட நாட்களில் முழுமையாகத் தெரியாது; பெருமழையில் மூல நீரின் கலங்கல் சில மணி நேரத்தில் பல மடங்கு ஏறி, கலங்கலைப் படியவைக்க எவ்வளவு படிகாரம் வேண்டும் என்று பார்க்கும் ஜார் டெஸ்ட்டை இரவோடு இரவாகத் திரும்பச் செய்து, அந்த அளவை மாற்றச் சொல்ல வேண்டிய நாளில்தான் தெரியும். ஆகவே இந்தப் பணிக்கு ஒரு மழைக்காலத்தையும் உள்ளடக்கும்படி உத்தரவாதக் காலத்தை நீட்டிக்கக் கேட்டோம். நடப்பு ஒப்பந்தத்தை மாற்ற மறுத்துவிட்டார்கள். அடுத்த ஒப்பந்தத்தில் 6 மாதமாக எழுதித் தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். இந்தச் சேவையைப் பயன்படுத்த நினைப்பவர்கள் கையெழுத்திடும் முன்பே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.