ஃபிரேம் போட்ட லாபி கார்டும் என் 650 டாலரும்

பென்சில்வேனியாவில் பழைய சினிமாச் சாமான்கள் விற்கும் ஒரு வார இறுதிச் சந்தையில், போன அக்டோபரில் 650 டாலரைக் கோட்டைவிட்டேன். பன்னிரண்டு வருடமாக லாபி கார்டு சேர்க்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுக்காத குறையாகப் பேசுகிறவன் நான். அப்படிப்பட்ட என் தலையிலேயே ஒருவர் பொறுமையாக மிளகாய் அரைத்திருக்கிறார். அதனால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

லாபி கார்டு தெரியாதவர்களுக்கு: நம் ஊர்த் தியேட்டர்களில் டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் படத்தின் ஸ்டில்களைக் குத்தி வைத்திருப்பார்களே, அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்தவை இவை. தடித்த தாள், 14 அங்குல அகலம், 11 அங்குல உயரம். பெரும்பாலும் எட்டு கார்டு ஒரு செட். அதில் ஒன்று டைட்டில் கார்டு, மற்றவை காட்சிகள். 1980களில் இந்த வழக்கம் அங்கே ஓய்ந்துபோனது. எனக்குப் பைத்தியம் ஹாலிவுட்டின் யூனிவர்சல் ஸ்டூடியோ எடுத்த பழைய பூதப் படங்கள் மேல். 1931இல் வந்த டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன் பக்கமெல்லாம் என் சம்பளத்துக்கு எட்டிப் பார்க்கவே முடியாது. டிராகுலாவின் போஸ்டர் ஒன்று 2017இல் 5,25,800 டாலருக்கு ஏலம் போயிற்று. நான் மேய்வது 1940களில்.

அன்று மேசையில் இருந்தது 'ஃபிராங்கன்ஸ்டைன் மீட்ஸ் தி வுல்ஃப் மேன்', 1943. ஓநாய் மனிதனாக லான் சேனி ஜூனியர், பூதமாக பேலா லுகோசி. லுகோசி அந்தக் கனத்த மேக்கப்பைப் போட்டுக்கொண்டபோது அவருக்கு அறுபது வயது. அவர் பேசிய வசனங்களை எல்லாம் படம் வெளியாகும் முன் வெட்டித் தள்ளிவிட்டார்கள். கண் தெரியாத பூதம் என்ற விவரமும் அதோடு போய்விட்டது. கையை முன்னால் நீட்டிக்கொண்டு அவர் ஏன் தடுமாறி நடக்கிறார் என்று படம் பார்க்கிறவர்களுக்குப் புரியாது. ஏனோ அந்த மனுஷன் மேல் எனக்கு ஒரு பரிதாபம். அந்தக் கார்டில் லுகோசியும் சேனியும் ஒருவரை ஒருவர் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். பார்த்தவுடன் புத்தி மழுங்கிவிட்டது.

கார்டு கறுப்பு ஃபிரேமுக்குள் இருந்தது. கண்ணாடிக்கு உள்ளே நான்கு பக்கமும் கிரீம் நிற மவுண்ட் அட்டை. பின்பக்கம் பழுப்புத் தாளை இழுத்து ஒட்டி, மேலே ஒரு வட்ட ஸ்டிக்கர். "அசல் என்பதற்கு உத்தரவாதம்" என்று விற்பவரே அச்சடித்து, விற்பவரே கையெழுத்துப் போட்ட சான்றிதழ் ஒன்று கூடவே. கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அறுபது வயதிருக்கும், தாத்தா மாதிரி சிரித்தார். "தாராளமாக. ஆனால் அந்த ஸ்டிக்கர் கிழிந்தால் உத்தரவாதம் போய்விடும். ஃபிரேம் செய்யவே எனக்கு 120 டாலர் ஆயிற்று" என்றார். அந்த இடத்திலேயே நான் நகர்ந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் ஒரு லாபி கார்டின் ஜாதகம் முழுக்க ஓரத்திலும் முதுகிலும்தான் இருக்கிறது. 1940களின் கடைசியிலிருந்து ரியலார்ட் என்ற கம்பெனி யூனிவர்சலின் பழைய படங்களை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவந்தது. அதற்கென்று புதிதாகக் கார்டுகள் அடித்தார்கள். அவற்றின் கீழ் ஓரத்தில் ரியலார்ட் பெயர் இருக்கும். விலையும் முதல் வெளியீட்டுக் கார்டைவிட நன்றாகவே இறங்கும். (என்னைக் கேட்டால் ரியலார்ட் கார்டு ஒன்றும் கேவலமில்லை. என்னிடமே நான்கு இருக்கிறது.) அந்த ஓரத்தை மவுண்ட் அட்டையால் மூடிவிட்டால், பார்க்கிறவருக்கு எது எந்த வருடம் என்று எப்படித் தெரியும்? எனக்கு அப்போது வந்த ஒரே சந்தேகம் இதுதான். போனால் போகிறது, ரியலார்டாகவே இருந்தாலும் கொஞ்சம்தான் நஷ்டம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதைவிட மோசமாக இருக்கும் என்று தோன்றவேயில்லை.

மூலைகளில் மட்டும் மவுண்ட் அட்டையைக் கொஞ்சம் வளைத்து வெட்டியிருந்தார். இடது மேல் மூலையில் மூன்று ஊசி ஓட்டைகள் தெரிந்தன, ஒன்றைச் சுற்றித் துருக்கறை. தியேட்டர்க்காரர்கள் குத்திக் கழற்றி, அடுத்த ஊருக்குப் போய் அங்கேயும் குத்திக் கழற்றிய கார்டுகள் இவை. ஓட்டை இருந்தால் எங்களுக்குச் சந்தோஷம்தான். அந்த ஓட்டைகளை மட்டும் பார்க்கும்படி ஏன் வெட்டினார் என்று நான் யோசிக்கவில்லை.

700 சொன்னார். பேபாலில் 'நண்பர்கள், குடும்பம்' வழியாக அனுப்பினால் கமிஷன் மிச்சம், 650க்குத் தருகிறேன் என்றார். அனுப்பினேன். அந்த வழியில் அனுப்பும் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. எனக்குத் தெரிந்த விஷயம்தான் அது.

வீட்டில் ஒரு மாதம் மாடிப்படிச் சுவரில் தொங்கியது. தீபாவளிக்கு முன் ஒட்டடை அடிக்கும்போது கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. ஸ்டிக்கரும் கிழிந்தது. சரி, இனி உத்தரவாதம் போனால் என்ன என்று கார்டை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு விளக்குமாறு எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் என் மனைவி அந்த மூலையை விரலால் தடவிக்கொண்டிருக்கிறாள்.

"ஏங்க, இதுல ஓட்டையே இல்லையே."

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வழவழவென்று இருந்தது. குண்டூசி முனைகூட உள்ளே போகவில்லை. ஓட்டைகள் மூன்றும் படம். துருக்கறையும் படம். ஏதோ ஓர் அசல் கார்டை ஸ்கேன் செய்து, அதன் காயங்களோடு சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள்.

அப்புறம் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்தேன். அந்தக் காலத்து லாபி கார்டுகள் பலவற்றை போட்டோஜெலட்டின் என்ற முறையில் அடித்தார்கள். லென்ஸ் வைத்தால் புகைப்படம் போல நிறம் வழுக்கிக்கொண்டு போகும், புள்ளி வரிசை தெரியாது. இங்கே ஓநாய் மனிதனின் பழுப்பு முடிக்குள் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று கோலப்பொடி சிதறியது போலத் துளிகள். இந்தக் காலத்து இன்க்ஜெட் பிரிண்டர் வேலை. இருட்டில் புற ஊதா டார்ச்சை அடித்தால், கார்டின் முதுகு டிடர்ஜென்ட்டில் துவைத்த பனியன் மாதிரி நீலமாக மின்னியது. இந்தக் காலத்துத் தாளில் வெளுப்பாகத் தெரியச் சேர்க்கும் ரசாயனம் செய்கிற வேலை அது. 1943இன் தாளில் அது இருக்க வழியில்லை. ஆனால் டார்ச்சை மட்டும் நம்பிவிடாதீர்கள், பழைய வெற்றுத் தாளைத் தேடிப் பிடித்து அதில் போலியை அச்சடித்திருந்தால் மின்னாது. அளவு நாடா வைத்தேன், உயரம் பத்தே முக்கால் அங்குலம். கால் அங்குலக் குறைவை மவுண்ட் அட்டை மறைத்திருந்தது.

இது புதிய தொழிலும் இல்லை. யூனிவர்சல் பூதப் படங்களின் போலி லாபி கார்டுகள் பல லட்சம் டாலருக்குக் கைமாறிய விவகாரம் 2009 வாக்கில் வெடித்தது. ஜார்ஜியா மாநிலத்து ஆள் ஒருவரைப் பிறகு நியூயார்க்கில் கூட்டாட்சி நீதிமன்றம் சிறைக்கு அனுப்பியது. அப்போது ஏமாந்தவர்களில் பழம் தின்று கொட்டை போட்டவர்களும் உண்டு. அந்தக் கதையை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். முதல் பதில் மரியாதையாக வந்தது: ஸ்டிக்கர் கிழிந்துவிட்டதால் இது அவர் கொடுத்த கார்டுதானா என்று அவருக்குத் தெரியாதாம். இரண்டாவது பதிலில், நல்லெண்ணத்துக்காக 50 டாலர் தருவதாகச் சொன்னார். மூன்றாவது முறை எழுதியபோது என் எண்ணை பிளாக் செய்திருந்தார். பேபாலில் கைவிரித்துவிட்டார்கள், அது நான் தேர்ந்தெடுத்த வழிக்கு நியாயமான பதில்தான். போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சந்தை நடத்துகிறவர்கள் அடுத்த முறை அவருக்கு மேசை தர மாட்டோம் என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது ஃபிரேமோடு எதையும் வாங்குவதில்லை. கழற்றிக் காட்ட மாட்டேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த மேசை. ஃபிரேம் கூலி போய்விடுமே என்று விற்பவர் கவலைப்பட்டால், அதை நானே தருகிறேன் என்கிறேன். ஒரே ஒருவர்தான் இதுவரை ஒத்துக்கொண்டார். அவரிடம் இருந்தது அசல் ரியலார்ட், 140 டாலருக்கு வாங்கி வந்தேன்.

போன வாரம் இணையத்தில் ஒரு விற்பனை விளம்பரம் கண்ணில் பட்டது. வேறு பெயர், வேறு மாநிலம். கறுப்பு ஃபிரேம், கிரீம் மவுண்ட், லுகோசியும் சேனியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது மேல் மூலையில் மூன்று ஓட்டைகள், நடு ஓட்டையைச் சுற்றி அதே வடிவில் துரு. விலை 725 டாலர்.