சீனிக்குப் பஞ்சு மாற்றிய பிறகு

"உன் கரடி பொம்மைக்குப் பஞ்சு மாத்திட்டியாமே, எப்படிடி இருக்கு? என் பொண்ணுக்கும் கடையில அந்த மாதிரி ஒண்ணு வாங்கவா, இல்ல இலவம்பஞ்சு வச்சு யார்கிட்டயாவது தைக்கச் சொல்லவா?" என்று கல்லூரித் தோழி ஒருத்தி கேட்டிருந்தாள். வாட்ஸாப்பில் இரண்டு வரியில் பதில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு வரியில் அடங்குகிற விஷயமாக இல்லை.

கரடி எப்படியிருக்கும் என்று நீட்டி விவரிக்கத் தேவையில்லை. எண்பதுகளின் கடைசியில் தையல் வகுப்போடு சேர்த்து 'சாஃப்ட் டாய்ஸ்' வகுப்பும் நடக்கும். அதில் கற்றுக்கொண்டு எத்தனையோ சித்திகளும் அத்தைகளும் செய்த உட்கார்ந்த கரடிதான் இதுவும். தேன் நிற ஃபர் துணி, சிவப்புத் துணியில் நாக்கு, பிளாஸ்டிக் கண். பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே சித்தி எனக்குச் செய்து கொடுத்தது. சீனி என்று பெயர் வைத்தது நான். முப்பது வருடத்துக்கு மேல் என்னோடு இருக்கிறது. விடுதி, கல்யாணம், மூன்று ஊர் மாற்றம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டது.

மற்ற வீட்டுக் கரடிகளுக்கும் சீனிக்கும் வித்தியாசம் உள்ளே இருந்த பஞ்சில்தான். பலர் வெட்டுத்துணியையும் ஸ்பாஞ்ச் துண்டையும் அடைப்பார்கள். எங்கள் அம்மாச்சி வீடு போடிநாயக்கனூர் பக்கம். மலையடிவாரம் முழுக்க இலவ மரம். கோடையில் காய் முற்றி நெத்தாகி வெடிக்கும் காலத்தில் எந்தத் தெருவில் போனாலும் தலைமுடியில் பஞ்சு ஒட்டும். மெத்தையும் தலையணையும் அதில்தான் என்னும்போது கரடிக்கு மட்டும் வேறு எங்கே போவது? கொட்டை நீக்கிய பஞ்சை அம்மாச்சி ஒரு தலையணை உறையில் கட்டிக் கொடுத்துவிட்டார்.

இலவம்பஞ்சைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதன் ஒவ்வொரு இழையும் உள்ளே வெற்றுக் குழல். மெல்லிய சுவர், உள்ளே காற்று, மேலே மெழுகுப் பூச்சு. அதனால்தான் அவ்வளவு லேசு, தண்ணீரில் மிதக்கும். செயற்கை நுரை வருவதற்கு முன்னால் கப்பல்களில் வைத்திருந்த உயிர்காப்பு அங்கிகளில் இதைத்தான் அடைத்தார்கள். இழை குட்டையாகவும் வழவழப்பாகவும் இருப்பதால் இதைத் தனியாக நூலாகத் திரிப்பது கடினம். பிடிமானம் இல்லாமல் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும். இந்த வழுக்கல்தான் சீனியின் ஆயுட்காலக் குறை. கழுத்தில் அடைத்த பஞ்சு மெல்ல மெல்ல வயிற்றுக்கு இறங்கிவிடும், தலை தொங்கிவிடும். அம்மா பிடரியில் இரண்டு தையல் பிரித்து, பென்சிலின் மொட்டை முனையால் பஞ்சை மேலே குத்தித் தள்ளி, மறுபடி தைப்பார். அடுத்த பள்ளி விடுமுறைக்குள் தலை மறுபடி சாய்ந்திருக்கும். இந்தத் தலைக்காக நான் அழுத அழுகை கொஞ்சமில்லை. வகுப்பில் இன்னொருத்தியின் கடைக் கரடி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். என்னுடையது எப்போதும் தூங்கி விழும். அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அதே பஞ்சு கொடுத்த ஒரு சந்தோஷத்தைக் கடைக் கரடி எதுவும் கொடுத்திருக்காது. மழைக்காலம் முடிந்ததும் மெத்தைகளை மொட்டைமாடியில் வெயிலுக்குப் போடும்போது சீனியையும் போடுவார்கள். ஈரம் ஏறி அமுங்கிக் கிடந்த பஞ்சு வெயில் பட்டதும் உப்பும். மத்தியானம் ஒல்லியாகப் போனவன் சாயங்காலம் தொந்தியோடு வருவான். உடம்பெல்லாம் சூடு. காற்றை உள்ளே பிடித்து வைத்திருக்கும் பஞ்சு என்பதால் அந்தச் சூடு சீக்கிரம் போகாது. போர்வைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டால் காய்ந்த துணியும் கொஞ்சம் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை வரும். அந்த ஒரு ராத்திரிக்காக மழை நிற்கட்டும் என்று நான் காத்திருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இலவம்பஞ்சு அமுங்கினால் தானாக முழுசாக எழுந்து வராது. குழல் நசுங்கினால் நசுங்கியதுதான். நான் இடது கையால் அணைத்துத் தூங்குகிறவள். சீனியின் வலது விலாவில் என் முழங்கை மடிப்பு அப்படியே பள்ளமாக நின்றுவிட்டது. வருடக்கணக்கில் அந்தப் பள்ளம் ஆழமாயிற்று. கண் தெரியாத இருட்டில் எடுத்தாலும் எந்தப் பக்கம் முகம் என்று கை சொல்லிவிடும்.

சீனிக்கு ஒரு தம்பியும் இருந்தான். அவனை யாரும் பார்த்ததில்லை. பரணுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருப்பான், சீனி சொன்னால் மட்டும் இறங்கி வருவான், வெண்டைக்காய் சாப்பிடமாட்டான். அம்மாவுக்கு இதில் கவலை. பிள்ளை தனியாகப் பேசுகிறதே என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டிருக்கிறார். கவலைப்பட ஒன்றுமில்லை என்பதை இப்போது ஆய்வோடு சொல்லலாம். மார்ஜரி டெய்லர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் 65 சதவீதம் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் கற்பனைத் தோழர் இருந்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாதவர்களோடு, ஒரு முழு ஆளின் குணம் கொடுத்து வைத்திருக்கும் பொம்மைகளையும் அதில் சேர்த்துக் கணக்கிட்டார்கள். அது பாவனை என்பது பெரும்பாலும் பிள்ளைகளுக்கே தெரியும் என்றும் டெய்லர் எழுதியிருக்கிறார். எனக்கும் தெரியும். தெரிந்துதான் அவனுக்கும் சேர்த்து ஒரு வாய் ஊட்டச் சொல்லி அடம்பிடித்தேன். தம்பி எப்போது போனான் என்று நினைவில்லை. சீனி இருந்துவிட்டான்.

இனி ரிப்பேர் விஷயம். கழுத்துத் தையல் இந்த முறை முழுக்க விட்டுப்போயிற்று. துணியே நைந்து, ஊசி குத்தினால் கிழிந்தது. என்னால் ஆகாது என்று, நான் இருக்கும் நகரத்தில் மென்பொம்மைகளைச் சலவை செய்து பழுது பார்க்கும் ஒரு கடையில் கொடுத்தேன். கழுத்துக்கு உள்துணி வைத்துத் தைத்தால் போதும், வேறெதுவும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பப் போனபோது சீனி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். ரோமம் பளபளவென்று இருந்தது. கையில் எடுத்தால் கனம் வேறு, விலாவில் பள்ளம் இல்லை. "உள்ள எல்லாம் பொடியா இருந்துச்சு மேடம். கழுவிட்டுப் புதுசா ஃபைபர் போட்டுட்டோம். அதுக்குத் தனியா காசு வேணாம்" என்றார் கடைக்காரத் தம்பி. பழைய பஞ்சு எங்கே என்று கேட்டேன். காலையிலேயே குப்பை வண்டியில் போய்விட்டதாம்.

அந்த இடத்தில் நான் சத்தம் போடவில்லை. வெளியே வந்து வண்டியை எடுக்க முடியாமல் நின்றேன்.

வேலையைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், வேலை சுத்தம். கழுத்துத் தையல் வெளியே தெரியவே இல்லை. உள்ளே போட்டிருப்பது சிலிக்கான் பூச்சுள்ள குழல் பாலியெஸ்டர் இழை. இன்றைக்குக் கடைகளில் பெரும்பாலான பொம்மைகளுக்குள் இருப்பது இதுதான். எத்தனை அமுக்கினாலும் எழுந்து வருகிறது. வாஷிங் மெஷினில் போடலாம். எளிதில் கட்டி பிடிக்காது, பொடியாகாது. சாயாத தலை வேண்டும் என்று குழந்தையாக நான் கேட்டதை அந்தத் தம்பி கொடுத்துவிட்டார். இதைவிட முக்கியமாக, என் மகள். அவளும் சீனியோடுதான் தூங்குகிறாள். போன குளிர்காலம் முழுக்க காலையில் எழுந்ததும் தும்மல். பழைய இலவம்பஞ்சின் பொடியும், தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியும் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஞ்சு மாற்றிய பிறகு தும்மல் குறைந்திருக்கிறது. அவளுக்குப் புதுச் சீனியைத்தான் பிடித்திருக்கிறது. அவள் கை பதிந்த பள்ளம் எதுவும் அதில் இல்லையே, அவள் எதை இழந்தாள்?

இத்தனையும் எழுதிவிட்டு, கோபம் போய்விட்டதா என்று பார்க்கிறேன். போகவில்லை.

இது வெறும் மனப்பிராந்தி என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், பிள்ளைகள் விடாமல் கட்டிக்கொள்ளும் போர்வைத் துண்டு, பொம்மை பற்றி 1951இல் ஒரு கட்டுரை வாசித்தார். 1953இல் அச்சில் வந்தது. அதில் தாய்மார்களைப் பற்றி நுட்பமாக ஒன்று சொல்லியிருக்கிறார். பொம்மை அழுக்காகி நாற்றமடித்தாலும் தாய் அதை விட்டுவைக்கிறாள். துவைத்துவிட்டால் குழந்தையின் அனுபவத்தில் ஒரு முறிவு வந்துவிடும், அந்தப் பொருளின் அர்த்தமே அழிந்துபோகலாம் என்பது அவளுக்குத் தெரியும் என்கிறார். எங்கள் அம்மா வின்னிகாட்டைப் படித்தவர் இல்லை. சீனியை ஒரு நாளும் சோப்புத் தண்ணீரில் முக்கவில்லை, வெயிலில்தான் போட்டார்.

ப்ரூஸ் ஹூட், பால் ப்ளூம் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2008இல் வெளியிட்ட சோதனை இன்னும் நேராக என் விஷயத்துக்கு வருகிறது. எந்தப் பொருளையும் அச்சு அசலாக நகலெடுக்கும் இயந்திரம் என்று இரண்டு பெட்டிகளைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். மற்ற பொம்மைகளை நகலெடுக்கத் தயக்கமில்லை. தூங்கும்போது கட்டிக்கொள்ளும் பொம்மை என்றதும் சில பிள்ளைகள் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை. விட்டவர்களில் பெரும்பாலோர் நகல் வேண்டாம், என்னுடையதையே கொடு என்றார்கள். மூன்று வயதிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு தெளிவு இருக்கிறது. என் கரடியின் தோல் அதேதான், கண் அதேதான், ஒரு கண்ணுக்குப் பதிலாக அம்மாச்சி தைத்த சட்டைப் பித்தானும் அதேதான். உள்ளே இருந்த முழுவதும் போய்விட்டது. எது சீனி என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

சரி, தோழிக்குப் பதில். உன் மகளுக்குப் பாலியெஸ்டர் பஞ்சு வைத்ததையே வாங்கு. தூசி ஒவ்வாமை இருக்கிற வீட்டில் இலவம்பஞ்சு வேண்டாம். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்; பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கு விலக்கு உண்டு. மூன்று வயதுக்குக் கீழ் என்றால் பிளாஸ்டிக் கண் வேண்டாம், நூலால் பின்னிய கண்ணாகப் பார். ஒரு வயது நிறையும்வரை தூங்கும் தொட்டிலில் எந்த மென்பொம்மையும் வைக்கக்கூடாது, இதில் மருத்துவர்கள் கண்டிப்பாக இருக்கிறார்கள். தூசிப்பூச்சிக்கு 60 டிகிரித் தண்ணீரில் துவைக்க வேண்டும். அது தாங்காத பொம்மையை ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்துப் பிறகு அலசலாம், குளிரில் பூச்சி சாகும், அலசினால்தான் அதன் மிச்சம் போகும். ஒரே மாதிரி இரண்டு வாங்கி வை, ஒன்று தொலைந்தால் மற்றது என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்வதாக இருந்தால் முதல் நாளிலிருந்தே மாற்றி மாற்றிக் கொடு. அலமாரியில் புதுசாக ஒன்றைப் பத்திரப்படுத்தி வைத்து, தொலைந்த அன்றைக்கு எடுத்துக் கொடுத்து ஏமாற்றப் பார்க்காதே. உன் மகள் ஒரு முகர்வில் கண்டுபிடித்துவிடுவாள்.

பழைய பொம்மையைப் பழுதுக்குக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாயால் சொன்னால் போதாது. ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: என்ன செய்ய வேண்டும், எதைத் தொடக்கூடாது, உள்ளே எடுக்கிற எதுவாக இருந்தாலும் பையில் கட்டித் திருப்பித் தர வேண்டும். அந்தக் கடையை யாராவது கேட்டால், கை நேர்த்தி நம்பர் ஒன் என்பேன். நான் மறுபடி அங்கே போகமாட்டேன்.

என் முடிவு வேறு. இந்தக் கோடையில் போடிக்குப் போகும்போது புதுப் பஞ்சு வாங்கி வந்து சீனியைப் பிரிக்கப் போகிறேன். மகளுக்கு அதற்கு முன்னாலேயே அவளுக்கென்று ஒரு பொம்மை வாங்கித் தருவதாகச் சொல்லியாயிற்று. அவள் முயல் கேட்டிருக்கிறாள். நெருக்கமான நெசவுள்ள பருத்தித் துணியில் முதலில் ஒரு உள்பை தைத்து, அதற்குள் பஞ்சை அடைத்தால் பொடி வெளியே வராது என்று மெத்தை தைக்கும் அண்ணன் ஒருவர் சொன்னார். பள்ளம் விழ எத்தனை வருடம் ஆகுமோ ஆகட்டும். கழுத்துக்கு மட்டும் அந்தப் பாலியெஸ்டரிலேயே ஒரு பிடி விட்டுவைப்பேன். அந்த இடத்தில் அது நன்றாகத்தான் நிற்கிறது.