தமிழ்99 விசைப்பலகை: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் பக்கம் பக்கமாகத் தமிழில் எழுதுகிறவர் என்றால் தமிழ்99-க்கு மாறிவிடுங்கள். வாட்ஸப்பில் நாலு வரி போடுவதோடு சரி என்றால் இதற்காக மெனக்கெட வேண்டாம்.

நான் மொழிபெயர்ப்பாளன். 'அம்மா' என்று எழுத ஆங்கில 'ஏ' தட்டி, 'எம்' இரண்டு முறை தட்டி எழுதும் ஒலிபெயர்ப்பு முறையில்தான் ஆரம்பித்தேன். முதலில் இ-கலப்பை, பிறகு என்.எச்.எம். ரைட்டர் என்ற மென்பொருள்கள். வேகமும் நன்றாகவே இருந்தது. ஆனால் ள, ண, ற வரும்போதெல்லாம் ஷிஃப்டை அமுக்கி அமுக்கி மாலையில் சுண்டு விரல் வலிக்கும். அதைவிட எரிச்சலான விஷயம், ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் மனசுக்குள் ஆங்கில எழுத்தாக்கிவிட்டுத்தான் கை நகரும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை தமிழ்99. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். புள்ளி, இடது ஆட்காட்டி விரல் ஓய்வெடுக்கும் எஃப் விசையில். அதிகம் புழங்குகிற க, ப, ம, த, ந, ய ஆறும் வலது கையின் நடுவரிசையில். யாரும் சீண்டாத ஔ கீழே ஒரு மூலையில்.

சில இடங்களில் புள்ளியை அதுவே வைத்துக்கொள்வதுதான் இதன் பெரிய வசதி. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவது புள்ளி பெற்றுவிடும். ந-வை அடுத்து த, ம-வை அடுத்து ப, ன-வை அடுத்து ற என்று இன எழுத்துகள் வந்தாலும் அப்படியே. மெய்யோடு சேரும் அகரத்தைப் பெரும்பாலும் தட்ட வேண்டியதே இல்லை. 'இந்த' என்று எழுத இ, ந, த என மூன்றே தட்டு; பழைய முறையில் ஐந்து. 'வணக்கம்' ஆறு தட்டு, ஷிஃப்ட் கிடையாது. முன்பு எட்டு தட்டு, அதில் ஒரு ஷிஃப்ட்.

கற்றுக்கொண்ட விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் பாதியில் விட்டுவிடுவது இங்கேதான். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்பது ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். புதியது தெரியும், ஆனால் மெதுவாக வரும். பழையதோ கண்ணை மூடிக்கொண்டு வரும். அவசர மின்னஞ்சல் ஒன்று வந்தால் போதும், கை தானாகப் பழைய முறைக்குப் போய்விடும். அதனால் வேலை குறைவாக இருந்த ஒரு மாதமாகப் பார்த்து, பழைய மென்பொருளைக் கணினியிலிருந்தே நீக்கிவிட்டேன். எத்தனை பயிற்சித் தளங்கள் இருந்தாலும் இந்த ஒரு காரியம் செய்த உதவிக்கு ஈடாகாது என்பது என் கட்சி.

முதல் சில நாட்கள் நடுவரிசையை மட்டும் வைத்துக்கொண்டேன். தம்பி, பந்து, கம்பி, எந்த, பக்கம், புத்தகம் எல்லாமே அந்த ஒரு வரிசைக்குள் அடங்கிவிடும். அர்த்தமில்லாத எழுத்துக் கோவைகளைத் திரும்பத் திரும்பத் தட்டவைக்கும் பாடங்கள் எனக்கு ஒத்துவரவில்லை. நிஜச் சொல்லைத் தட்டினால்தான் கை அதைச் சொல்லாகவே பிடித்துக்கொள்கிறது. இன்றைக்கு 'இந்த' எனக்கு மூன்று எழுத்தாகத் தெரிவதில்லை, ஒரே அசைவு.

மற்ற வரிசைகளுக்கு வந்ததும் மனப்பாடமாகத் தெரிந்தவற்றைத் தட்ட ஆரம்பித்தேன். தாளைப் பார்த்துத் தட்டினால் கண் தாளுக்கும் திரைக்கும் விசைக்கும் அலையும். மனதில் இருப்பதைத் தட்டினால் கண் திரையை விட்டு நகராது. பள்ளியில் படித்த செய்யுள்கள் தீர்ந்ததும் மின்சார ரயில் நிலையங்கள்: தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல். அந்தப் பழவந்தாங்கல் ஒன்று போதும். ப, ழ, வ, ந, த, ஆ, ங, க, ல, புள்ளி. பத்துத் தட்டில் ழகரம், இரண்டு இன எழுத்துச் சேர்க்கை, கடைசியில் ஒரே ஒரு புள்ளி என்று பாடம் முழுக்க அதிலேயே வந்துவிடுகிறது.

காலையில் கால் மணி நேரம், இரவில் கால் மணி நேரம். நீட்டி உட்கார்ந்தால் பிழைகள் கூடும், அந்தப் பிழைகளே பழக்கமாகிவிடும். இரவில் தடுமாறிய சொல் மறுநாள் காலையில் சுலபமாக வந்தது பல முறை நடந்திருக்கிறது. விசைகளின் மேல் எழுத்து ஒட்டிகளை ஒட்டவே வேண்டாம். ஒட்டினால் கண் கீழேயே இருக்கும். வரைபடத்தை அச்சடித்துத் திரைக்குப் பக்கத்தில் வையுங்கள், கொஞ்ச நாளில் அதை மறந்துவிடுவீர்கள்.

பழைய வேகத்தைத் தொட ஒரு மாதத்துக்கு மேலேயே ஆனது. தாண்டியதை எப்போது என்று நான் கவனிக்கவில்லை. இப்போது சுண்டு விரல் வலி இல்லை. ன-வா ண-வா, ல-வா ள-வா என்று ஷிஃப்டுக்காக ஒரு நொடி யோசிப்பதும் இல்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. தானியங்கிப் புள்ளி வேண்டாத இடத்திலும் வந்து நிற்கும். 'நதி' என்று எழுத ந, த, இ தட்டினால் என் கணினியில் 'ந்தி' என்று வரும். நடுவில் அகரத்தைத் தட்டிப் பிரிக்க வேண்டும். 'தத்துவம்' எழுதும்போதும் முதல் த-வுக்குப் பின் அதே கதை. ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் ஷிஃப்டில் இருப்பதால் 'ராஜஸ்தான்' மாதிரிப் பெயர்கள் நிறைய வரும் கட்டுரை என்றால் கொஞ்சம் கடுப்பு. அரைப்புள்ளியும் ஒற்றை மேற்கோளும் இருந்த விசைகளை ந-வும் ய-வும் எடுத்துக்கொண்டன. அந்தக் குறிகள் எங்கே போயின என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும், புதுக் கணினி வாங்கினால் ஒரு நாள் தேட வேண்டியிருக்கும். அடுத்தவர் கணினியில் உட்கார்ந்தால் பாதி நேரம் தமிழ்99 இருக்காது. பழைய முறை கைவிட்டுப் போய்விட்டதால் அங்கே நான் கத்துக்குட்டிதான்.

கைபேசியில் செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலியைப் போட்டுப் பார்த்தேன், தமிழ்99 அதில் இருக்கிறது. ஆனால் கட்டைவிரல் இரண்டை மட்டும் வைத்துத் தட்டும்போது இடது கை உயிர், வலது கை மெய் என்ற பிரிவினையின் பலன் பாதிதான் கிடைக்கிறது, சின்னத் திரையில் விசைகளும் நெருக்கம். அங்கே நீளமாக எதையும் எழுதுவதில்லை.